இருபத்தேழாம் பக்கம்

ஹான் தேமின் தன் ஆசிரியரைத் தேடிப் போன அன்று அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஆசிரியருக்கு நாற்பத்தாறு.

அந்த வயது வித்தியாசத்துக்குக் காரணம் ஒரு டிராக்டர் தொழிற்சாலை. லுவோயாங் நகரில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் உதிரி பாகங்கள் வாங்கும் பிரிவில் ஹான் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தார். ஒரு நாள் அதை மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. முந்தின மாதம் வரைக்கும் எல்லாம் நன்றாக நடக்கிறது என்றுதான் மேலிருந்து அறிக்கை வந்துகொண்டிருந்தது. புரியாததைப் புரிந்துகொண்டே தீர வேண்டும் என்ற வீம்பில், முப்பத்து நாலாவது வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, ஷாங்காயில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தார்.

முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். இவர்தான் பேராசிரியர் என்று நினைத்துவிட்டார்கள். ஹான் தலையைக் குனிந்துகொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கழித்து, வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பியிருந்த ஒரு பெண் உள்ளே வந்து கரும்பலகையில் தன் பெயரை எழுதினார். ஷென் யூலான். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

அன்றிலிருந்து ஹானுக்கு அவர்தான் ஆசிரியர்.

அவரிடமே முனைவர் பட்டம் வாங்கினார். அதே துறையில் பாடம் நடத்தினார். ஒரு பங்குத் தரகு நிறுவனம் ஷென்னைத் தலைமைப் பொருளாதார நிபுணராக அழைத்தபோது, "இவரும் வருவார்" என்று ஹானையும் கூட்டிக்கொண்டு போனார் ஷென். இரண்டு பேரும் நாலு வருஷம் அங்கே ஒன்றாக வேலை பார்த்தார்கள். அவர்கள் எழுதும் அறிக்கைக்காகச் சந்தை காத்திருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு திடீரென்று ஒரு நாள் ஷென் வேலையை விட்டுவிட்டுப் பழையபடி வகுப்பறைக்கே திரும்பிவிட்டார். காரணம் கேட்டவர்களிடம், "படிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அவர் நாற்காலிக்கு ஹான் வந்தார். நாலு வருஷத்தில் ஹானின் முகம் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

அன்று காலை ஏழு மணிக்கு அவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நிறுவனத்தின் துணைத் தலைவர் லூ கைபிங்.

"பேராசிரியரே, இன்று மாலை முதலீட்டாளர் கூட்டத்துக்கான உரையைப் பார்த்தேன். அருமை. ஒரே ஒரு விஷயம். இருபத்தேழாம் பக்கம்."

ஹானுக்குத் தெரியும். முதல் நாள் அந்தப் பக்கத்தைத் தயாரிக்கும்போதே தெரியும்.

யூன்ஹோ என்று ஒரு நகரம். அதன் ஓரத்தில் நாலு லட்சம் பேருக்காக ஒரு புதிய குடியிருப்புப் பகுதியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷத்தில் அது நிரம்பிவிடும் என்று போன வருஷம் ஹானே எழுதியிருந்தார். இந்தக் கோடையில் தன் அலுவலகத்திலிருந்து இரண்டு ஆட்களை அங்கே அனுப்பினார். வீடுகளைப் பார்க்க வேண்டாம், மழலையர் பள்ளிகளைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து ஒரு தாளை நீட்டினார்கள். பதினொரு பள்ளிகள். மூவாயிரம் இடங்கள். சேர்ந்திருந்த குழந்தைகள் அறுபத்தொன்று.

அதுதான் இருபத்தேழாம் பக்கம்.

"அந்த ஊரைக் கட்டுகிற நிறுவனத்தின் கடன் பத்திரங்களை அடுத்த வாரம் நாம்தான் விற்கப்போகிறோம். உங்களுக்குத் தெரியாததா?" என்றார் லூ.

"தெரியும்."

"உங்களைப் பொய் சொல்லச் சொல்கிறேனா?"

"இல்லை."

"எதையாவது மாற்றி எழுதச் சொல்கிறேனா?"

"இல்லை."

"நாற்பது பக்கத்தில் ஒரு பக்கத்தை விடச் சொல்கிறேன். அவ்வளவுதான். அடுத்த காலாண்டில் போட்டுக்கொள்ளுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?" லூ கொஞ்சம் நிறுத்தினார். "உங்கள் ஒப்பந்தமும் இந்த மாதம் கையெழுத்துக்கு வருகிறது. என் மேஜையில்தான் இருக்கிறது."

பதிலுக்குக் காத்திருக்காமல் லூ இணைப்பைத் துண்டித்தார்.

ஒன்பதேகால் மணிக்கு ஹான் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் இருந்தார். ஏறி வந்த மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியரின் அறைக் கதவு திறந்தே இருந்தது. ஷென் தேநீர்க் குவளையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கள், ஹான்."

ஹான் உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னார். யூன்ஹோ, பள்ளிகள், லூ, ஒப்பந்தம். ஷென் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. யூன்ஹோ என்ற பெயர் வந்தபோது மட்டும் வெந்நீர்க் குடுவையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒன்றே ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியரே," என்றார் ஹான். "சொல்லாமல் விடுவது பொய்யா?"

ஷென் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு மேடை எத்தனை மணிக்கு?"

"நாலு மணிக்கு."

"அப்படியானால் நேரம் இருக்கிறது. எனக்குப் பத்து மணிக்கு ஒரு வாய்மொழித் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு. வெளியிலிருந்து வர வேண்டிய தேர்வாளருக்குக் காய்ச்சலாம். மாற்றுப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது."

"ஆசிரியரே, இன்றைக்கு என்னால்..."

"ஆய்வேடு இதோ. அரை மணி நேரம் இருக்கிறது. வேகமாகப் படிப்பவர்தானே நீங்கள்."

ஹானுக்குக் கோபம் வந்தது. தலைக்கு மேலே கத்தி தொங்குகிறது, இவர் தேர்வுக்கு வரச் சொல்கிறார். ஆனால் பதினேழு வருஷத்தில் ஆசிரியர் சொன்ன எதையும் அவர் மறுத்ததில்லை. ஆய்வேட்டை வாங்கிக்கொண்டார்.

படிக்க ஆரம்பித்ததும் கோபம் எங்கோ போயிற்று. ஹானின் சுபாவம் அப்படி. அட்டவணைகளைப் பார்த்தால் அவருக்கு வேறொன்றும் நினைவிருக்காது. சின்ன ஊர்களுக்கு ரயில் நிலையம் வந்தால் அங்கே வேலைவாய்ப்பு கூடுகிறதா என்பதுதான் ஆய்வு. கூடுகிறது, நன்றாகவே கூடுகிறது என்று முடிவு சொன்னது. எழுத்து தெளிவாக இருந்தது. கணக்கு சுத்தமாக இருந்தது. எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஹானின் விரல் நின்றது. பின்னால் புரட்டி நாற்பதாம் பக்கத்துக்குப் போனார். மறுபடியும் எண்பத்தெட்டுக்கு வந்தார். பென்சிலால் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

தேர்வு அறையில் நீள மேஜைக்கு ஒரு பக்கம் துறையின் இரண்டு பேராசிரியர்களும் ஹானும் உட்கார்ந்தார்கள். வழிகாட்டி என்ற முறையில் ஷென் ஓரத்தில், சற்றுத் தள்ளி. எதிரே அந்த மாணவி. தாவ் சின்ரான் என்று பெயர். இருபத்தெட்டு வயதிருக்கும். ஹானைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. ஹான் அதைப் பெரிய மனிதரைப் பார்த்த பயம் என்று எடுத்துக்கொண்டார்.

மற்ற இருவரும் சுலபமான கேள்விகளாகக் கேட்டு முடித்தார்கள். பிறகு ஹானின் முறை.

"நாற்பதாம் பக்கத்தில் எத்தனை ஊர்களை ஆராய்ந்ததாக எழுதியிருக்கிறாய்?"

"முப்பத்து நாலு, ஐயா."

"எண்பத்தெட்டாம் பக்கத்தில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன?"

ஒரு பேராசிரியர் அவசரமாகத் தன் பிரதியைப் புரட்டினார்.

"முப்பத்தொன்று," என்றாள் தாவ்.

"மீதி மூன்று?"

அவள் தன் பிரதியை மூடினாள்.

"அந்த ஊர்களில் விவரம் கிடைக்கவில்லையா?"

"கிடைத்தது."

"பிறகு?"

"ரயில் வந்த பிறகு அந்த மூன்று ஊர்களிலும் வேலை குறைந்துவிட்டது, ஐயா. ஆட்கள் ரயில் ஏறி வெளியூர் போய்விட்டார்கள். அவற்றைச் சேர்த்தால் முடிவு நிற்கவில்லை."

"அதனால் எடுத்துவிட்டாய்."

"பொய்யாக நான் ஒரு எண்கூட எழுதவில்லை." அவள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். "எதையும் மாற்றவில்லை. மூன்று ஊரை விட்டேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அந்தச் சொல் ஹானின் காதில் தைத்தது. காலை ஏழு மணிக்குக் கேட்ட அதே சொல். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஷென்னைப் பார்த்தார். ஷென் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நிமிஷம் விட்டுவிடலாமா என்று தோன்றியது. ஆனால் தேர்வாளராக உட்கார்ந்த பிறகு ஹானால் விட முடியாது. குரல் தானாகவே கடுமையானது.

"இப்படிச் செய்யலாம் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

தாவ் தன் பையைத் திறந்தாள். ஒரு பழைய ஆய்விதழின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்து மெதுவாக அவர் பக்கம் தள்ளினாள்.

"உங்கள் கட்டுரை, ஐயா. ஒன்பது வருஷத்துக்கு முன் வந்தது. முதல் பக்கத்தில் நாற்பது ஊர்கள். கடைசி அட்டவணையில் முப்பத்தேழு. பரிசு வாங்கிய கட்டுரை. இதைப் பார்த்துத்தான் செய்தேன்."

ஹான் அந்தத் தாளைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமும் இல்லை. அந்த மூன்று ஊர்களின் பெயர்களும் அவருக்கு இன்னும் நினைவில் இருந்தன. பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் எடுத்துவிட்டார். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவள் அதைத் தவறு என்று நினைக்கவில்லை. பாடம் என்று நினைத்துக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அதை வெளியிடுவதற்கு முன்னால் நான் படித்தேன்," என்றார் ஷென். அறையில் அவர் முதன்முதலாகப் பேசியது அதுதான். "நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியதும் நான்தான். எண்ணிப் பார்க்கவில்லை."

மாணவியை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். முடிவுப் படிவம் மேஜைக்கு வந்தது. தேர்ச்சி, திருத்தி எழுதுக, தோல்வி என்று மூன்று கட்டங்கள். மற்ற இரண்டு பேராசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வெளித் தேர்வாளர் சொல்வதுதான்," என்றார் ஒருவர். இன்னொருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். பட்டம் இல்லையென்றால் போய்விடும். உங்கள் நிறுவனத்தில்தான், பேராசிரியர் ஹான். உங்கள் பிரிவில்தான்."

ஹானுக்கு அது தெரியாது. ஆள் எடுக்கும் காகிதங்களைப் பெயர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புவது அவர் வழக்கம்.

பேனா முதல் கட்டத்தின் மேல் ஒரு கணம் நின்றது. ஒரு கோடு போட்டால் போதும். அந்தப் பெண்ணுக்கு வேலை. தனக்கும் மாலையில் ஒரு தொல்லையும் இல்லை. அவளை விட்டால் தன்னையும் விட்டுவிடலாம்.

இரண்டாம் கட்டத்தில் கோடு போட்டார். திருத்தி எழுதுக. ஆறு மாதம். கீழே கையெழுத்துப் போட்டார்.

"காரணம் எழுத வேண்டும்," என்றார் ஷென்.

"மூன்று ஊர்களை விட்டிருக்கிறாள்."

"அவள் பொய் சொல்லவில்லையே, ஹான்."

ஹான் அவரைப் பார்த்தார். ஷென்னின் முகத்தில் கேலி இல்லை, கண்டிப்பும் இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார்.

ஹான் காரணத்தை எழுதினார். பேனாவை மூடினார். விடைபெறாமலே வெளியே வந்தார். வராந்தாவில் தாவ் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவளைக் கடக்கும்போது ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மாடிப்படியில் இறங்கினார்.

நாலு மணிக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. எண்ணூறு நாற்காலிகள். முன்வரிசையில் லூ கைபிங் காலைத் தூக்கிக் காலின்மேல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹானைப் பார்த்துச் சிரித்தார். ஹானும் சிரித்தார்.

உரை நன்றாகவே போயிற்று. ஏற்றுமதி, வட்டி, நாணயம். எப்போதும் போலச் சின்னச் சின்ன நகைச்சுவைகள். ஜனங்கள் சிரித்தார்கள். கையிலிருந்த பொத்தானை அழுத்த அழுத்தத் திரையில் பக்கங்கள் நகர்ந்தன. இருபத்து நாலு. இருபத்தைந்து. இருபத்தாறு. ஹான் மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

இருபத்தெட்டு வந்தது.

ஹான் பின்னால் போனார். இருபத்தாறு. முன்னால் வந்தார். இருபத்தெட்டு.

முன்வரிசையில் லூ இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சின்னதாகத் தலையசைத்தார். உங்களுக்கு ஒரு சங்கடமும் வேண்டாம், நானே எடுத்துவிட்டேன் என்பதுபோல.

உண்மையில் அது சௌகரியம்தான். அவர் எதையும் விட வேண்டியதில்லை. விட்டாயிற்று. இனி அடுத்த வாக்கியத்துக்குப் போக வேண்டும், அவ்வளவே. ஹான் வாயைத் திறந்தார். அடுத்த வாக்கியம் வரவில்லை. மண்டபத்தில் யாரோ இருமினார்கள். ஒருவர் கைபேசியிலிருந்து தலை நிமிர்ந்தார். பிறகு இன்னும் சிலர் நிமிர்ந்தார்கள்.

"இங்கே ஒரு பக்கம் இருந்தது," என்றார் ஹான்.

லூவின் கால் கீழே இறங்கியது.

"திரையில் இல்லை. அதனால் வாயால் சொல்கிறேன். யூன்ஹோ நகரத்துப் புதிய குடியிருப்பில் பதினொரு மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. மூவாயிரம் குழந்தைகளுக்கு இடம் உண்டு. சேர்ந்திருப்பவர்கள் அறுபத்தொரு பேர். மூன்று வருஷத்தில் அந்த ஊர் நிரம்பும் என்று போன வருஷம் நான் எழுதினேன். அது தவறு. இன்னும் ஒன்று. அந்த ஊரைக் கட்டுகிறவர்களின் கடன் பத்திரங்களை எங்கள் நிறுவனம் அடுத்த வாரம் விற்கப்போகிறது. நான் சொல்வதைக் கேட்கும்போது அதையும் நீங்கள் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்."

யாரும் கைதட்டவில்லை. பிறகு நாற்காலிகள் நகர்ந்தன. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வாசலை நோக்கி வேகமாக நடந்தார்கள். நிகழ்ச்சியை நடத்துபவர் மேடைக்கு ஓடி வந்து, நேரம் முடிந்துவிட்டது என்றார்.

அதற்குள் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்துவிட்டாள். சாம்பல் நிற மேலங்கி. ஒலிவாங்கிக்குக் காத்திருக்காமல் உரக்கக் கேட்டாள்.

"இனி அங்கே வீடு வாங்கப்போகிறவர்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது?"

ஹான் மேடையில் எந்தக் கேள்விக்கும் தடுமாறியதில்லை. அதற்காகவே பேர் வாங்கியவர்.

"தெரியாது," என்றார்.

அவள் உட்காரவில்லை. மேலங்கியின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

லூ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று ஹானுக்கு இருந்தது. "உங்களுக்கு உங்கள் காரணம் இருக்கும்," என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். வாரக் கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் திரும்பி வந்தது. அறைக் கதவிலிருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். சில பத்திரிகைகள் பாராட்டின. பல பத்திரிகைகள் போன வருஷத்து அறிக்கையை எடுத்துப் போட்டு, நிரம்பும் என்று சொன்னவர் இவர்தானே என்று கேட்டன. கேட்டது நியாயம்தான். அந்தக் கடன் பத்திரங்களை வேறொரு நிறுவனம் எடுத்து, கொஞ்சம் கூடுதல் வட்டி வைத்து, பத்தே நாளில் விற்று முடித்துவிட்டது.

வீட்டில் ஹான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேலை போனது அவ்வளவாக உறுத்தவில்லை. சாம்பல் நிற மேலங்கிதான் கண்முன்னே வந்து வந்து போயிற்று. அவளுடைய கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்து மூன்று தரம் தாளைக் கிழித்தார். வரிச் சலுகை, அரசின் தலையீடு, கடன் தவணைத் தள்ளிவைப்பு என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதினார். எழுதி முடித்ததும் அதை அவளிடம் வாசித்துக் காட்டுவதாக மனத்துக்குள் நினைத்துப் பார்ப்பார். உடனே கிழித்துவிடுவார்.

பத்தொன்பதாம் நாள் காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

மூன்றாம் மாடி வராந்தாவில் தாவ் சின்ரான் ஒரு கட்டுக் காகிதத்தோடு எதிரே வந்தாள். இருவரும் நின்றார்கள்.

"என்னால் உன் வேலை போயிற்று," என்றார் ஹான்.

"உங்கள் வேலையும் போயிற்றாமே, ஐயா." அவள் சிரிக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டினாள். "மூன்று ஊரையும் சேர்த்துவிட்டேன். முடிவு பாதியாகிவிட்டது."

"மீதிப் பாதி?"

"அது நிற்கிறது. எவ்வளவு உலுக்கினாலும் நிற்கிறது."

ஹான் வழிவிட்டார். அவள் போனாள்.

ஷென் அறையில் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஹான் இந்த முறை உட்கார்ந்தார்.

"சொன்னேன், ஆசிரியரே," என்றார். "சொல்லி என்ன ஆயிற்று? வேறொருவன் விற்றுவிட்டான். ஒன்றும் மாறவில்லை."

ஷென் சிவப்பு மையால் ஒரு விடையைச் சுழித்தார்.

"அதைக் கேட்கவா வந்தீர்கள்?"

"இல்லை. ஒரு பெண் எழுந்து கேட்டாள். ஏற்கெனவே வாங்கியவர்கள் என்ன செய்வது என்று. தெரியாது என்றேன்."

"தெரியுமா?"

"தெரியாது. பத்தொன்பது நாளாக யோசித்துவிட்டேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

ஷென் பேனாவைக் கீழே வைத்தார்.

"யூன்ஹோவுக்குப் போயிருக்கிறீர்களா, ஹான்?"

"ஆட்களை அனுப்பினேன்."

"நீங்கள்?"

"போனதில்லை."

"அந்த ஊரைப் பற்றி நம் நிறுவனத்திலிருந்து முதல் அறிக்கை போனது நாலு வருஷத்துக்கு முன்னால். அதில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. உங்களுடையது ஒன்று. இன்னொன்று என்னுடையது. அதைப் போட்டபோது நானும் அங்கே போனதில்லை."

ஹான் நிமிர்ந்து பார்த்தார். ஆசிரியர் ஏன் வேலையை விட்டார் என்று நாலு வருஷமாக அவரும் எத்தனையோ காரணங்களை ஊகித்திருந்தார். இது அவற்றில் ஒன்றல்ல.

ஷென் எழுந்து விடைத்தாள்களை அடுக்கி இழுப்பறையில் வைத்தார். ஆணியில் தொங்கிய மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரயில் பன்னிரண்டு பத்துக்கு," என்றார். "மாதம் ஒருமுறை போகிறேன். மூன்று வருஷமாக. இன்றைக்கும் போகிற நாள்தான்."

ஹானும் எழுந்தார்.

"அங்கே வீடு வாங்கியவர்களிடம் என்ன சொல்வீர்கள், ஆசிரியரே?"

"ஒன்றும் சொல்வதில்லை," என்றார் ஷென். "கதவைத் தட்டுவேன். திறந்தால், அவர்கள் சொல்வார்கள்."